எல்லையும் கரியும்: பாகூர் நிலக்கரிப் புலத்தின் வரலாறு

கரி என்னும் சொல் தமிழில் மூன்று பொருள் உடையது. யானைக்கு அது பெயர். வெந்த மரத்தின் எச்சத்துக்கும் பெயர். வழக்கு மன்றத்தில் கண்டது கூறும் சான்றுக்கும் அதுவே பெயர். யானையைக் குறிக்குங்கால் அது வடசொல் வழிப்பட்டது என்பர்; ஏனைய இரு பொருளும் நம் நூல்களில் பண்டுதொட்டுப் பயில்வன. இவற்றுள் யானையும் சான்றும் நிலத்தின் எல்லையோடு தொடர்புடையன என்பதைச் செப்பேடு கற்றோர் அறிவர். சோழ வேந்தர் ஊர்களைக் கொடையாக அளித்த காலத்துப் பிடியானையை நடத்தி ஊரைச் சூழ்வித்து, அது சென்ற வழியே கல்லும் கள்ளியும் நாட்டி எல்லை வகுத்த முறையைத் திருவாலங்காட்டுச் செப்பேடும் ஆனைமங்கலச் செப்பேடும் கூறுகின்றன. உடனிருந்தோர் எழுத்திட்டுச் சான்றாயினர். எஞ்சிய பொருளாகிய நிலத்தடிக் கரிக்கும் எல்லைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியனுக்கு நிலக்கரியில் என்ன வேலை என்று வினவுவார் உளர். யாமும் அதனைத் தேடிச் சென்றோமல்லோம். தாம்பரத்திலிருந்து முதுகலை மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, பாகூர் மூலநாதர் கோயிற் கல்வெட்டுக்களைக் காணச் சென்றிருந்தோம். புதுவையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது அவ்வூர். செல்லும் வழியில் புதுவை அரசின் பெயர்ப்பலகை தோன்றும். சிறிது சென்றதும் தமிழ்நாட்டரசின் பலகை தோன்றும். மீண்டும் புதுவை வரும். மாணவர் இதனை வியந்து பேசிக்கொண்டிருக்க, தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், “மேலேதான் இந்தக் கணக்கெல்லாம், அடியில ஒரே கரிதான் ஓடுது. எப்ப எடுக்க வருவாங்களோன்னு பார்த்துக்கிட்டே எங்க அப்பா காலம் போச்சு, என் காலமும் போகுது” என்றார். கல்வெட்டுக் காணச் சென்ற எமக்கு அவர் கூற்றே ஆய்வுப் பொருளாயிற்று.

எல்லை எழுந்த வகை

பாகூரின் பழம்பெயர் வாகூர். 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தே, அங்கிருந்த கல்விநிலையத்திற்குச் செட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டமையைப் பாகூர்ச் செப்பேடு அறிவிக்கின்றது. நம் நாட்டுக் கல்வி வரலாறு எழுதுவோர் அச்செப்பேட்டைச் சுட்டாது செல்வதில்லை. ஆனால் ஈண்டு நாம் கருதற்பாலது வேறொன்று. கொடை பெற்றது ஊர். எல்லை கூறப்பட்டதும் ஊருக்கே. நாடு, வளநாடு, மண்டலம் என மேற்பிரிவுகள் காலந்தோறும் பெயரும் பரப்பும் மாறின. ஊரெல்லையோ எளிதில் மாறவில்லை. ஏரி, வாய்க்கால், மேடு, பெருவழி என உழவர் நாள்தோறும் கண்ட பொருள்களே அதனைக் காத்து நின்றன.

இவ்வூரெல்லைகளே பிற்காலத்தில் இரு பேரரசுகளின் எல்லைகளாயின என்பது வியப்பிற்குரியது. 1749ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்தா சாகிபு பிரெஞ்சுக்காரருக்கு வில்லியனூரையும் பாகூரையும் சூழ்ந்த ஊர்களை வழங்கினார். வழங்கியது ஊர் ஊராக. ஒரு தொடர்ந்த நிலப்பரப்பாக அன்று. 1783ஆம் ஆண்டு வெர்சேல்சு உடன்படிக்கையில் வில்லியனூர், பாகூர் என்னும் இரு பகுதிகளும் புதுச்சேரியைச் சார்ந்தன என ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டனர். நெப்போலியன் போர்கள் முடிந்தபின் 1816ஐ அடுத்துப் பிரெஞ்சு ஆட்சி அங்கே நிலைபெற்றது. இவ்வாறு வருவாய் ஊர்களின் கோடுகளைத் தொடர்ந்து சென்ற எல்லை, நெசவு அவிழ்ந்த துணிபோலத் துண்டு துண்டாகக் கிடந்தது. பிரெஞ்சு ஊர் ஒன்றன் நடுவே ஆங்கிலேயர் நிலம்; ஆங்கிலேயர் வட்டத்தின் நடுவே பிரெஞ்சு ஊர். ஐரோப்பியர் வரைந்த கோணல் கோடு என்று இதனை இகழ்வது எளிது. கோடு நம்முடையதே, அதன்மேல் ஏற்றப்பட்ட அதிகாரமே அயலாருடையது.

அக்கோடு நெடுங்காலம் மக்களை மிகுதியாக வருத்தவில்லை. 1941இல் பிரெஞ்சிந்தியாவிற்கும் ஆங்கில இந்தியாவிற்கும் இடையே சுங்க ஒன்றிணைப்பு ஒப்பந்தமும் ஏற்பட்டது. விடுதலைக்குப் பின் 1949 ஏப்பிரலில் அவ்வொப்பந்தம் முடிவுற்றதும் நிலைமை மாறிற்று. வரப்பு சுங்க எல்லையாயிற்று. 1954 மார்ச்சுத் திங்கள் இறுதியில் நெட்டப்பாக்கம் பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்டது. அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் வாக்கெடுப்பு நடைபெற்றது. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைம்மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16ஆம் நாளன்று நிறைவேறியது. கோடு அழிந்ததா எனின், இல்லை. இரு நாடுகளின் எல்லை, ஒரே நாட்டின் மாநிலத்திற்கும் ஒன்றியப் பகுதிக்கும் இடைப்பட்ட எல்லையாக இன்றும் உளது.

நீர் தேடியோர் கண்ட கரி

நெய்வேலி நிலக்கரியின் கதையைத் தமிழ் கற்ற சிறுவரும் அறிவர். சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் 1930களின் இடைப்பகுதியில் கிணறு தோண்டுவிக்க, ஊற்றுநீரோடு கரிய பொருள் வெளிப்பட்டது. அவர் அதனை அரசிற்கு அறிவித்தார். 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அங்கே துளையிட்டு ஆராய்ந்தது. பின்னர்ச் சென்னை அரசு அப்பணியைத் தொடர, 1956 நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரிப்படுகை கண்ணுக்குப் புலனாயிற்று. 1962இல் மின்னாக்கம் தொடங்கியது. சம்புலிங்க முதலியாரின் ஈகையும் விடாமுயற்சியும் போற்றத்தக்கன. அதில் ஐயமில்லை.

ஆயினும், வரலாறு அக்கிணற்றில்தான் தொடங்குகிறது என எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பொருந்தாது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1880களில், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட பாகூர்ப் பகுதியில் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி காணப்பட்டது. அங்கும் கரியை எவரும் தேடவில்லை, தேடியது நீர். புதுச்சேரியில் 1870களின் இறுதியில் பொங்கூற்றுக் கிணறுகள் தோண்டும் முயற்சி வெற்றி பெற்றது. களிமண் அடுக்குகளுக்கு இடையே அகப்பட்டுக் கடல்நோக்கிச் சரிந்து செல்லும் நீர், மேலடுக்கைத் துளைத்த அளவில் தானே பொங்கி எழும். கரியும் அவ்வடுக்குகளின் ஊடேதான் கிடக்கின்றது. எனவே நீரை நாடித் துளைத்தவர் கரியை அடைந்தது தற்செயலன்று. பாகூரில் நிகழ்ந்ததே ஐம்பது ஆண்டு கழித்து நெய்வேலியிலும் நிகழ்ந்தது.

இதன்கண் எம் பகுதிக்கும் ஒரு தொடர்புண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த வில்லியம் கிங் என்பார் 1880இல் புதுச்சேரிப் பொங்கூற்றுக் கிணறுகளை ஆராய்ந்து, அத்தகைய ஊற்றுக்கள் சென்னையிலும் கிடைக்குமா என்னும் வினாவை எழுப்பிக் கட்டுரை எழுதினார். இவர், 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட்டு புரூசு பூட்டின் உடன்பணியாளர். அவ்வாண்டிலேயே அத்திரம்பாக்கத்தில் பூட்டுடன் இருந்து கற்கருவிகளைக் கண்டவர். பல்லாவரம் முதல் தாம்பரம் வரை நாம் காலூன்றி நிற்பது சார்னோக்கைட்டு என்னும் கரும்பாறை. அதில் பொங்கூற்றும் இல்லை, நிலக்கரியும் இல்லை. தென்சென்னைப் புறநகரில் வாழ்வோர்க்கு நிலத்தடி என்பது கிணற்று நீரளவே. கடலூர் மணற்கல் அடுக்கின்மேல் வாழ்வோர்க்கு நிலத்தடி என்பது தம் வீட்டையே கொண்டு செல்லக்கூடிய செல்வம். இவ்வேறுபாட்டை உணராமல் அவர்தம் அச்சத்தை எடைபோடலாகாது.

பாகூர்க் கண்டுபிடிப்பு ஏன் சுரங்கத் தொழிலாக வளரவில்லை? ஆழமும் ஊற்றுநீரின் அழுத்தமும் அக்காலக் கருவிகளுக்கு அடங்குவன அல்ல என்பது ஒரு காரணம். நெய்வேலியிலேயே 1950களில் பெருந்தடையாக நின்றது நீர்தான். கரிப்படுகையின் கீழுள்ள நீர் மேல்நோக்கி அழுத்துமாதலின், சுரங்கத்தின் அடித்தளம் உடைந்து எழாதவாறு இரவுபகலாக நீரை இறைத்துக்கொண்டே தோண்டவேண்டும். ஒரு டன் கரியை எடுக்க ஏறத்தாழ ஐந்தரைக் கனமீட்டர் மண்ணை அகற்றவேண்டும். கரியின் எடையில் பாதியளவு ஈரம். ஆதலின் அதனைத் தொலைவிடங்களுக்குக் கொண்டு செல்வது பயனற்றது. தோண்டிய இடத்தருகே எரித்து மின்னாக்குவதே வழி. இவ்வளவும் செய்தற்குப் பரந்த நிலம் ஓரிடத்தே தொடர்ச்சியாக வேண்டும். துண்டுபட்ட பிரெஞ்சு ஊர்களில் அது வாய்க்காது.

நிலவியலார் இன்று பாகூரை ஒரு தனிப் புலமாகக் குறிக்கின்றனர். புதுவை எல்லைக்குள் மட்டும் அங்கே ஏறத்தாழ 41 கோடி டன் பழுப்பு நிலக்கரி உண்டென இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் கணக்குக் கூறும். அப்படுகையின் மேற்குப் பகுதியோ தமிழ்நாட்டுக் கடலூர் மாவட்டத்தில் உள்ளது. அது வேறு கணக்கில் எழுதப்படுகின்றது. படுகை ஒன்று, பதிவேடு இரண்டு. முதியவர் கூறியது அறிவியல் முறையாலும் பிழையன்று.

ஆர்ப்கெ: கோடு சுரங்கத்தைப் பிளந்த கதை

தோண்டப்பெறாத பாகூர்ப் படுகையின் இயல்பை நன்குணர, தோண்டப்பெற்ற ஒரு படுகை எல்லையால் பட்ட பாட்டை ஒப்புநோக்குதல் வேண்டும். ஜெர்மனியில் ஹெல்ம்ஸ்டெட்டு என்னும் நகரும் ஆர்ப்கெ என்னும் ஊரும் அருகருகே அமைந்தவை. இரண்டனையும் ஊடுருவிக் கிடந்தது நம் நெய்வேலியிற் போன்ற பழுப்பு நிலக்கரி. 1873இல் ஹெல்ம்ஸ்டெட்டில் நிறுவப்பட்ட சுரங்க நிறுவனம் ஒன்று இருபுறமும் தோண்டியது. ஆர்ப்கெயில் 1909இல் மின்நிலையம் எழுந்தது. ஹெல்ம்ஸ்டெட்டு பிரவுன்ஷ்வைக்குச் சிற்றரசைச் சார்ந்தது; ஆர்ப்கெ பிரஷ்யாவின் சாக்சனி மாகாணத்தைச் சார்ந்தது. இடையே ஒரு கோடு அன்றும் இருந்தது. ஆனால் அதனைத் தாண்டிக் கரி சென்றது, தொழிலாளர் சென்றனர், மின்கம்பி சென்றது. எவரும் தடுத்திலர்.

1945இல் ஜெர்மனி தோற்றதும் அப்பழங்கோடே ஆங்கிலேயர் பகுதிக்கும் சோவியத்துப் பகுதிக்கும் எல்லையாயிற்று. 1949இல் இரு அரசுகள் தோன்றின. அதன் பின்னும் சில ஆண்டுகள் தொழிலாளர் எல்லை கடந்து வேலைக்குச் சென்று வந்தனர். மின்நிலையம் கிழக்கே, நிறுவனத்தின் தலைமையிடம் மேற்கே, சுரங்கம் இரண்டின் ஊடே. 1952 மே 26ஆம் நாள் கிழக்கு ஜெர்மனி அரசு எல்லையை அடைத்தது. மேற்குப் பகுதி நிறுவனம் ஒரே நாளில் தன் மின்நிலையத்தையும் சுரங்கத்தின் கிழக்குப் பகுதியையும் இழந்தது. மேற்கே ஆஃப்லேபன் என்னுமிடத்தில் புதிய மின்நிலையம் கட்ட நேர்ந்தது. பாகூர் வரப்புக்களில் சுங்கக் காவலர் நின்றதும் இதே ஆண்டுகளில்தான் என்பதை நினைவிற் கொள்க.

திறந்தவெளிச் சுரங்கத்தை எல்லைக் கோடுவரை நேர்ச்சுவராகத் தோண்ட இயலாது. மண் சரிந்துவிடும். ஆகவே கோட்டிலிருந்து விலகிச் சரிவாகப் படிபடியாக இறங்கவேண்டும். ஆழம் மிகுமளவு சரிவும் அகலும். இருபுறத்தாரும் தத்தம் பக்கத்தில் அவ்வாறு செய்யவே, எல்லைக்கு நேர்கீழே எவருக்கும் பயன்படாத கரிச்சுவர் ஒன்று நின்றுவிட்டது. ஜெர்மானியர் அதனை எல்லைக்கரித் தூண் என்னும் பொருள்பட வழங்கினர். மேலே முள்வேலியும் காவலும்; கீழே தொடப்படாத கரி. கால் நூற்றாண்டு இவ்வாறு கழிந்தது. இரு அரசுகளும் ஒன்றையொன்று ஐயுற்றிருந்த காலத்திலேயே, 1976 மே 19ஆம் நாள், அக்கரியை எடுப்பதற்கென இரண்டும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி, தோண்டுதற்கு ஏற்ப எல்லை வேலி இடம் பெயர்க்கப்பட்டது. மக்கள் கடக்க முடியாத வேலி கரிக்காக நகர்ந்தது என்பதைப் படிக்குங்கால் நகைப்பதா வருந்துவதா எனத் தெரியவில்லை.

1989இல் எல்லை திறந்தது. 1990இல் நாடு ஒன்றாயிற்று. ஹெல்ம்ஸ்டெட்டுச் சுரங்கத்தில் 2002இல் தோண்டுதல் நின்றது. 2006 முதல் அப்பள்ளங்களில் நீர் நிரம்பி ஏரியாகி வருகின்றது. அவ்வேரியின் நடுவே லோவர் சாக்சனி, சாக்சனி–அன்ஹால்ட்டு என்னும் இரு மாநிலங்களின் எல்லை இன்றும் செல்கின்றது. நீரின்மேல் அதனைக் காண்பார் இல்லை.

இவ்வரலாற்றால் பாகூருக்கு ஓர் உண்மை பெறப்படும். ஆர்ப்கெயில் எல்லை ஒற்றைக் கோடு. அங்கேயே ஒரு கரிச்சுவர் வீணாகக் கிடந்தது. பாகூரிலோ கோடு பல மடிப்பாக வளைந்து செல்கின்றது. ஒவ்வொரு புறமும் தன் எல்லைக்குள் மட்டும் தோண்டுவதாயின் பெரும்பகுதி நிலம் சரிவிற்கே போய்விடும். எனவே பாகூரில் என்றேனும் சுரங்கம் அமைப்பதென்றால் அது இரு ஆட்சிப் பகுதிகளையும் ஒருசேர விழுங்கும் சுரங்கமாகவே இருக்க முடியும். புதுவைக்கு மட்டும் உரிய சிறு செய்தியாக இதனைக் கருதுவோர் நிலப்படத்தை ஒருமுறை காண்பாராக.

கீழுள்ளது யாருடையது

நிலத்தடி உரிமை என்பது மேனாட்டுச் சட்டம் கொணர்ந்த புதுக்கருத்து என்று நம்மவர் சிலர் எழுதியுள்ளனர். கல்வெட்டுச் சான்று அதற்கு மாறானது. சோழர்கால நில விற்பனை ஆவணங்கள், விற்கப்படும் நிலத்தோடு மேல்நோக்கி வளரும் மரத்தையும் கீழ்நோக்கி அகழ்ந்த கிணற்றையும் சேர்த்தே கொடுக்கின்றன. விசயநகர வேந்தர் காலத்துக் கொடைகள் எண்வகை நுகர்வுரிமையைக் கூறும். அவற்றுள் புதையலும், மறைத்துவைத்த பொருளும், நீரும், கல்லும் அடங்கும். கல் என்னும் சொல் கனிமத்தை எவ்வளவு தழுவும் என்பது ஆராய்தற்குரியது. எனினும் நிலம் என்பது மேற்பரப்பு மட்டுமன்று, கீழும் மேலும் அளாவியது என்னும் எண்ணம் தமிழ்நாட்டு ஆவண மரபில் தெளிவாக உண்டு.

2013இல் இந்திய உச்ச நீதிமன்றம், மலபார் நிலவுடையோர் தொடுத்த வழக்கொன்றில், நிலத்தடிக் கனிம உரிமை பொதுவாக நிலவுடைமையைத் தொடர்ந்தே செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பழைய ஆவணங்களைப் படித்தவர்க்கு அத்தீர்ப்புப் புதிதாகத் தோன்றாது. ஆனால் நிலக்கரிக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் தனிச் சட்டங்கள் உள. 1957ஆம் ஆண்டின் நிலக்கரி நிலங்கள் கையகப்படுத்தற் சட்டம் அவற்றுள் தலையாயது. ஆகவே பொது நெறி உழவன் பக்கம் நின்றாலும், கரி என்று வந்தவிடத்து அந்நெறி அவனுக்கு உதவுவது அரிது.

சேக்கிழார், திருவெண்ணெய்நல்லூர் வழக்கைக் கூறுமிடத்து மூவகைச் சான்றுகளைக் குறிப்பிடுகின்றார். வழிவழி நுகர்ந்து வருதல் ஒன்று. எழுதிய ஓலை ஒன்று. அயலார் கண்டு கூறுதல் ஒன்று. திருவெண்ணெய்நல்லூரும் பாகூரும் ஒரே நடுநாட்டு ஊர்கள் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. பாகூர் உழவனிடம் நுகர்ச்சி உண்டு. ஆயிரம் ஆண்டாக அங்கே நெல் விளைகின்றது. ஓலையும் உண்டு. ஆயினும் பழைய பதிவுகளிற் சில பிரெஞ்சு மொழியில் உள்ளன. அவன் பெயரன் அவற்றைப் படிக்க இயலாது. மூன்றாவதாகிய அயலார் சான்று, அதாவது கரி, யார் சொல்வது? வரலாற்று மாணவர் சொல்லுதல் வேண்டும். அவர்களோ ஆங்கிலத்தில் உள்ளதை மட்டும் படித்து, நெய்வேலியில் கதையைத் தொடங்கிவிடுகின்றனர். பிரெஞ்சுப் பதிவுகளைப் படிக்கவல்ல தமிழ் மாணவர் அருகியமையே பாகூரின் பெயர் இவ்வரலாற்றினின்று விடுபட்டதற்கு முதற்காரணம் என்பது எம் துணிபு.

இன்றைய நிலை

நெய்வேலி நகரியத்துக்குச் செல்வோர் ஒன்றைக் காணலாம். அங்கே தெருக்களும் குடியிருப்புக்களும் வட்டம் என்னும் பெயரோடு எண்ணிட்டு வழங்கப்படுகின்றன. நகரியத்துக்கும் சுரங்கத்துக்கும் நிலமளித்த ஊர்கள் தம் பெயரோடும் வயற்பெயரோடும் குலதெய்வத்தோடும் இருந்தவை. எண்ணுக்குக் கதையில்லை. மின்னொளி பெற்ற நாம் அதற்காக அந்நகரை இகழ்தல் நன்றன்று. எம் வீட்டிலேயே பாட்டியார் காலத்தில் நெய்வேலிக் கரிக்கட்டியில் அடுப்பெரிந்ததுண்டு. எனினும் இழந்தது இன்னதென்று எழுதிவைக்கும் கடமை நமக்கு உண்டு.

2023 சூலைத் திங்களில், சுரங்க விரிவுக்கான கால்வாய்ப் பணியின்பொருட்டு, வளையமாதேவியில் கதிர் முற்றும் நிலையில் இருந்த நெற்பயிரின்மேல் மண்வெட்டும் பொறிகள் செலுத்தப்பட்டன. அது நீதிமன்றம் வரை சென்றதை நாளிதழ் படித்தோர் மறந்திரார். அவ்வாண்டின் தொடக்கத்தில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய புலங்கள் ஒன்றிய அரசின் ஏல அறிவிப்பில் இடம்பெற்றன. தமிழ்நாட்டரசு எதிர்க்கவே, ஏப்பிரலில் அவை நீக்கப்பட்டன. அவ்வெதிர்ப்புக்கு அரணாக நின்றது 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். அச்சட்டம் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றியது. அதன் ஆணை தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடும். பாகூர் ஏரி பாயும் வயல்களுக்கு அது செல்லாது. 18ஆம் நூற்றாண்டில் நவாபுகளும் வணிகக் குழுக்களும் பங்கிட்ட ஊர்வரிசை, 21ஆம் நூற்றாண்டில் எந்த வயலுக்குக் காப்பு, எந்த வயலுக்கு இல்லை என்பதைத் தீர்மானிக்கின்றது.

பாகூர்க் கல்வெட்டுக்கள் அழியாது அச்சேறியமைக்கு அவ்வூரினரே காரணர். பாகூர் குப்புசாமி தொகுத்த புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுக்களை விசயவேணுகோபால் பதிப்பிக்க, 2006இல் முதற்றொகுதி வெளிவந்தது. கல்லில் உள்ளது இனி அழியாது. வயல்வெளியில் வாய்மொழியாக வழங்கும் பெயர்களோ இன்னும் தொகுக்கப்படவில்லை. வாய்க்காலின் பெயர், மடையின் பெயர், ஒரு கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே பெயர் வழங்கும் வயல்கள், இரு பெயர் வழங்கும் ஒரே வயல் ஆகியவற்றை எம் மாணவர் இருவர் விடுமுறைதோறும் சென்று குறித்து வருகின்றனர். சேலியமேடு, அரங்கனூர் முடிந்தன. குருவிநத்தத்தில் பெண்ணையாற்றுக் கரையோர வயல்கள் பாதி எஞ்சியுள்ளன. கிருமாம்பாக்கம் தொடங்கப்பெறவில்லை.